எட்டடி பாடியும் ஐந்து சீட்டும்

1

போன வாரம் என் தங்கை அஞ்சலை செஞ்சியிலிருந்து போனில் ஒரு படம் அனுப்பினாள். பிக்கப் வண்டிக்குச் சாமந்தி மாலை போட்டு, முன்கண்ணாடியில் மூன்று பட்டை இழுத்து, நடுவில் குங்குமம் வைத்திருந்தாள். நான் வாங்கிக் கொடுத்த வண்டிதான். ஒரு வருஷம் ஆகிவிட்டதாம். ஒமானில், சோகார் ஊரில் என் வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, டீ ஆறுவது தெரியாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

என் மகன் குமரன் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தான். "இதுக்கா நைனா அவ்ளோ சண்ட போட்டீங்க? பாடி ரொம்ப சின்னதா இருக்குதே" என்றான். லோடு ஏற்றும் பின்பக்கத்தைத்தான் பாடி என்கிறான். பக்கத்தில் நின்ற பேத்திக்கு அந்த ஒரு வரியை அரபியில் மாற்றிச் சொல்ல வேண்டியிருந்தது. அவளுக்குத் தமிழில் வருவது ஒரே வாக்கியம். தினமும் காலையில் வந்து, "தாத்தா, சாப்டியா?" என்று கேட்பாள். சாப்பிட்டீங்களா என்று கேட்கச் சொல்லி இரண்டு வருஷமாகச் சொல்கிறேன். தலையாட்டிவிட்டு மறுநாளும் சாப்டியா என்றுதான் கேட்கிறாள். நானும் சாப்பிட்டேன் என்றுதான் சொல்கிறேன்.

மகன் கேட்டதை ஊரிலும் பலபேர் கேட்டார்கள். "ஒமான்ல பதினாலு பிக்கப் ஓட்றவரு, தங்கச்சிக்கு வாங்கிக் குடுத்தது இந்தக் குட்ட வண்டியா?" என்று என் காதுபடவே பேசினார்கள். அவர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். நான் படித்தது நான்காம் வகுப்பு. பிழை இருந்தால் அச்சடிப்பவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். ஆனால் பிக்கப் வண்டியைப் பற்றி என்னைவிட அதிகம் தெரிந்தவன் செஞ்சிக்கும் திண்டிவனத்துக்கும் நடுவில் இருந்தால் முன்னே வரட்டும், பேசிப் பார்க்கலாம்.

2

நான் ஒமானில் இறங்கியபோது வயது இருபத்திரண்டு. முதலாளியை இங்கே வேலைக்காரர்கள் அர்பாப் என்பார்கள். என் அர்பாப் விமான நிலையத்துக்கு ஒரு வெள்ளைப் பிக்கப்பில் வந்திருந்தார். அந்தக் காலத்துப் பிக்கப்புக்கு இரண்டே கதவு. உள்ளே பெஞ்சு மாதிரி ஒரே நீளச் சீட்டு, மூன்று பேர் உட்காரலாம். அர்பாப் ஓட்டினார். அந்த ஓரத்தில் அவர் தம்பி. நடுவில் ஒரு தர்பூசணிப் பழம்.

நான் பின்னால் ஏறினேன்.

தர்பூசணிக்குச் சீட்டு, எனக்குத் தகரம். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. அதுதான் அன்றைக்கு வண்டியின் அமைப்பு. செஞ்சியிலும் நெல் லாரியில் மூட்டைமேல் உட்கார்ந்து போய்க்கொண்டிருந்தவன்தானே நான். மூன்று மணி நேர ஓட்டத்தில் படுத்துப் பார்த்தேன். கேபினில் தலை முட்ட, காலை முழுசாக நீட்டியும் அதற்குக் கீழே மூன்று சாண் மிச்சம் இருந்தது. என் உயரத்தோடு கூட்டினால் எட்டடி பாடி என்று ஏறத்தாழ வரும். அன்றிலிருந்து இன்றுவரை எந்தப் பிக்கப்பையும் நான் டேப் வைத்து அளந்ததில்லை. படுத்துப் பார்ப்பேன். அவ்வளவுதான்.

அந்த வண்டியின் பக்கவாட்டுத் தகரம் என் இடுப்புக்குத்தான் வரும். வெளியே நின்றபடி கையை விட்டால் பாடியின் தரை எட்டும். குதிரைமசால் தீவனக் கட்டுகளை நின்ற இடத்திலிருந்தே வீசி ஏற்றலாம். ஓரம் முழுக்கக் கயிறு கட்டக் கொக்கி. ஆடு, தீவனம், தண்ணீர் டிரம், வேலையாட்கள் நாங்கள் ஆறு பேர் எல்லாம் அதிலேயே. ஒரு வளைவில் ஆடு என்மேல் விழும், அடுத்த வளைவில் நான் ஆட்டின்மேல் விழுவேன். கணக்கு சரியாகிவிடும்.

மூன்று வருஷத்தில் லைசென்ஸ் எடுத்தேன். எழுதப் படிக்கத் தெரியாத அரபியில் சைகைப் பலகை எல்லாவற்றையும் படமாகவே மனப்பாடம் செய்து, இரண்டாவது தடவையில் தேறினேன். என்னோடு வந்த பத்தாம் வகுப்புக்காரன் நான்காவது தடவையில்தான் தேறினான். இதை அவன் வீட்டுக் கல்யாணத்தில்கூட நான் சொல்லிவிட்டேன்.

3

அடுத்து வந்தது ஒன்றரைக் கேபின். சீட்டுக்குப் பின்னால் ஓர் இடுக்கு, அதில் மடக்கும் பலகை, பின்பக்கமாகத் திறக்கும் அரைக் கதவு. ஆள் உட்காரத்தான் என்றார்கள். உட்கார்ந்தால் முட்டி காதைத் தொடும். அர்பாப் அதில் தெர்மாஸ் பிளாஸ்க்கும் தொழுகைப் பாயும் வைத்தார். பாடியில் ஒன்றரை அடி போயிற்று. படுத்துப் பார்த்தேன். மூன்று சாணில் இரண்டு போயிருந்தது. ஒரு சாண்தான் மிச்சம்.

பிறகு நாலு கதவு வந்தது. முன்னால் இரண்டு பேர், பின்னால் மூன்று பேர். பாடி ஐந்தடி. படுத்தால் காலை மடக்க வேண்டும். நீளம் குறைந்ததே தவிர வண்டி குறையவில்லை. உயரம் ஏறியது, அகலம் ஏறியது, மூக்கு சுவர் மாதிரி நின்றது. என் மகனிடம் இப்போது இருக்கும் பிக்கப்பில் ஏற எனக்குப் படிக்கட்டு வேண்டியிருக்கிறது. அதன் முன்னால் குழந்தை நின்றால் உள்ளே இருப்பவனுக்குத் தெரியாது, அதற்கொரு கேமரா. பாடிக்கு மூடி, மூடிக்குப் பூட்டு. அந்தப் பாடியில் அவன் இதுவரை ஏற்றிய பெரிய லோடு, கடற்கரையில் உட்காரும் மடக்கு நாற்காலி இரண்டு. பேத்தி அதைக் கார் என்றே சொல்கிறாள். அவள்மேல் தப்பில்லை.

என் வயதுக்காரர்கள் டீக்கடையில் உட்கார்ந்து, பிக்கப் கெட்டுப்போய்விட்டது, பாடியைத் தின்றுவிட்டார்கள் என்று புலம்புவார்கள். நான் அந்தப் பக்கம் இல்லை. போன மூன்றடி எங்கே போயிற்று என்று நான் பார்த்தேன். கேபினுக்குள் சீட்டாகப் போயிருக்கிறது. அதாவது ஆளுக்குப் போயிருக்கிறது. எந்த ஆள்? முன்னால் பெஞ்சில் இருந்தவன் அன்றைக்கும் உள்ளேதான் இருந்தான். வெளியே தகரத்தில் இருந்தவனுக்குத்தான் இடம் புதுசு.

சொந்தக் கம்பெனி வைத்து, என் ஆட்களுக்கென்று முதல் நாலு கதவு வண்டி வாங்கினேன். எங்கள் வட்டாரத்தில் தீவன வேலைக்கு அப்படி வாங்கிய முதல் ஆள் நான்தான். மற்ற கம்பெனிக்காரர்கள் சிரித்தார்கள். ஆளை பாடியில் ஏற்றினால் அபராதம் என்று போலீஸ் இறுக்கிப் பிடித்த பிறகு, எந்த ஷோரூமில் வாங்கினாய் என்று என்னிடமே வந்து கேட்டார்கள். சொன்னேன். கூடவே டீயும் வாங்கிக் கொடுத்தேன். ஜெயித்தவனுக்கு அதெல்லாம் ஒரு செலவில்லை.

4

இனி அஞ்சலை கதைக்கு வருகிறேன்.

அஞ்சலை சமையல் செட்டு வைத்திருக்கிறாள். அவளோடு மூன்று பெண்கள். கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு எதுவானாலும் செஞ்சி சுற்றுவட்டாரத்தில் அவள் கை சாம்பாருக்கு ஆள் தேடி வருவார்கள். அண்டா, குண்டான், அடுப்பு எல்லாவற்றையும் வாடகை லோடு வண்டியில் ஏற்றி, நடுநடுவே இவர்கள் நாலு பேரும் உட்கார்ந்து போவார்கள். அப்படி ஒரு நாள் பனமலையிலிருந்து திரும்பும்போது மாடு குறுக்கே வந்து வண்டி சட்டென்று நின்றிருக்கிறது. அண்டா உருண்டது. அதைப் பிடிக்கப் போனவள் வண்டியிலிருந்து கீழே விழுந்து, தொடை எலும்பு உடைந்து, உள்ளே தகடு வைத்தார்கள்.

நான் லீவில் போனபோது அவள் நடக்க ஆரம்பித்திருந்தாள். வீட்டில் பெரிய பேச்சு நடந்துகொண்டிருந்தது. அவள் மகன் சேகர் நெல் மூட்டை ஏற்றும் வண்டிகளுக்குக் கூலிக்கு ஓட்டுகிறவன். தங்கமான பையன், வாய்தான் கொஞ்சம் நீளம்.

"மாமா, வண்டி வாங்கித் தரேன்னீங்களே, ரெண்டு கதவு வண்டியா வாங்குங்க. ஒம்போது அடி பாடி. நான் மார்க்கெட் கமிட்டிக்கு நெல்லு ஓட்டிக்கிறேன். அம்மா வூட்ல இருக்கட்டும். விழுந்த வரைக்கும் போதும்" என்றான்.

"நான் இன்னாத்துக்குடா வூட்ல இருக்கணும்? கால்தான ஒடஞ்சிது, கையா ஒடஞ்சிது?" என்றாள் அஞ்சலை.

"இனிமே எவனாவது ஒன்ன லோடு வண்டில ஏத்துவானா? போலீஸ் புடிக்கிறான். டிரைவருங்கல்லாம் மாட்டேன்னுட்டாங்க. எதுல போவ?"

அஞ்சலை திரும்பி என்னைப் பார்த்தாள். அவள், கட்டிக்கொடுத்த நாளிலிருந்து அடுப்படியில் நின்று, புருஷன் போன பிறகும் யாரிடமும் கை நீட்டாமல் சேகரை வளர்த்தவள். அவளை உட்கார வைப்பது அவள் பெயரை உட்கார வைப்பது மாதிரி.

மறுநாள் ஷோரூமுக்குப் போனோம். இரண்டு வண்டியும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. ஒன்று நீள பாடி, இரண்டு சீட்டு. இன்னொன்று ஐந்தடி பாடி, ஐந்து சீட்டு. சேகர் நீளத்தின் பக்கம் நின்றான். நான் ஐந்தடியில் ஏறிப் படுத்தேன். விற்கிற பையன் பயந்துபோய், "சார், மயக்கமா?" என்றான். எழுந்து, "இதான்" என்றேன்.

சேகர் முகம் சுருங்கியது. "ஒமான் மாமா ஃபிலிம் காட்றாரு. இதுல அண்டா எங்க ஏறும்? வேணும்னா அண்டாவ சீட்ல ஒக்கார வெச்சி பெல்ட் போட்டுனு போலாம்" என்றான்.

அஞ்சலையே முடிவு சொன்னாள். "அடுத்த வாரம் அவலூர்பேட்டைல கல்யாணம் ஒத்துக்கினு இருக்கிறேன். அதுக்குப் பாத்திரம் இதுல ஏறி, நேரத்துக்குப் போய் எறங்குனா சரி. ஏறலனா வண்டிய மாத்திக்கடா. நான் கரண்டிய வெச்சிட்டு ஒக்காந்துக்கிறேன்."

ஆர்டிஓ ஆபீசில் தாள்களைப் பார்த்தவர், "சரக்கா, ஆளா?" என்றார். "ரெண்டும்தான்" என்றேன். "ரெண்டும்னு கட்டம் இல்ல பெரியவரே, ஒண்ணு சொல்லுங்க" என்றார். ஆளில்லாமல் சரக்கு தானாக நடந்து போகுமா என்று கேட்க வாய் வந்தது, அடக்கிக்கொண்டேன். சரக்கு வண்டி, உட்காரும் ஆட்கள் ஐந்து என்று எழுதினார். பதிவு அட்டையை ஒமானில் முல்கியா என்போம். நாக்கு பழகிப்போய், "முல்கியா எப்ப கெடைக்கும்?" என்று கேட்டுவிட்டேன். "அப்படி ஒரு பேர்ல இங்க யாரும் இல்லியே" என்றார் அவர், மிகவும் யோசித்து.

5

கல்யாணத்தன்று காலை நாலரை மணிக்கே பாத்திரம் ஏற்ற ஆரம்பித்தோம். சேகர் கையைக் கட்டிக்கொண்டு சுவரோரம் நின்றான். பழைய பழக்கத்தில் பெண்கள் பெரிய அண்டாவை முதலில் வைத்தார்கள். அதன் வாய் மட்டுமே நாலடிக்குக் கிட்ட. பாடி முடிந்துவிட்டது. இன்னும் இரண்டு அண்டா, நாலு குண்டான், அடுப்பு, சிலிண்டர் எல்லாம் தரையில் கிடக்கின்றன.

"முடிஞ்சிதா மாமா?" என்றான் சேகர்.

எனக்கு வேர்த்தது. பதினாலு வண்டிக்காரன், ஒரு அண்டாவுக்கு முன்னால் நிற்கிறேன். அஞ்சலை பாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள். "ஏம்மே மல்லிகா, போன வண்டில இந்த அண்டா பக்கத்துல இன்னா இருந்துச்சி?"

மல்லிகா செட்டிலேயே இளையவள், முப்பத்தைந்து வயது. "நான்தான் இருந்தேன் க்கா. நீ இந்தாண்ட, நான் அந்தாண்ட."

"அப்பறம்?"

"அப்பறம் குண்டான். அதாண்ட பேபி, கமலா."

"அட, நாமதான்டி எடத்த அடச்சினு இருந்திருக்கிறோம்!" என்றாள் அஞ்சலை. "நாமதான் உள்ள போறோமே. எடு அத்த."

எனக்கு அப்போதுதான் புரிந்தது. இத்தனை வருஷம் பாத்திரத்தைப் பரப்பி வைத்ததே, இவர்கள் நடுவில் உட்கார்ந்து பிடித்துக்கொள்ளத்தான். கயிறு இருக்க வேண்டிய இடத்தில் ஆளை உட்கார வைத்திருந்தோம். அந்தக் கயிறுதான் பனமலையில் அறுந்து விழுந்து காலை உடைத்துக்கொண்டது.

பெரிய அண்டாவுக்குள் பழைய சாக்கைப் போட்டு நடு அண்டாவை இறக்கினோம், அதற்குள் சின்னது, அதற்குள் குண்டான்கள். சாக்கு இல்லாவிட்டால் ஒன்றுக்குள் ஒன்று சிக்கிக்கொண்டு, பிரிக்க நாலு ஆள் வேண்டும். மூலைகளில் சிலிண்டர், பக்கத்தில் அடுப்பு, மேலே மூடிகள், குறுக்கே சோறு கிண்டும் துடுப்பு. தீவனக் கட்டுக்குப் போடுகிற முடிச்சை நானே போட்டேன். பிடித்து ஆட்டிப் பார்த்தேன், வண்டி ஆடியதே தவிர அண்டா ஆடவில்லை. சேகரைப் பார்த்து மீசையைத் தடவினேன். பெரிய மனுஷத்தனம் இல்லைதான், ஆனால் அவ்வளவு சந்தோஷம்.

"ஏறுங்க, யல்லா!" என்றேன். கிளம்பலாம் என்று அர்த்தம், அங்கே யாருக்கும் தெரியாது. ஆனால் ஏறினார்கள். நான் ஓட்டினேன். ஒமானில் ஸ்டீயரிங் இடப்பக்கம், கியர் வலக்கையில். கியர் போடப் போய்க் கதவை நாலு தடவை அறைந்தேன். "வண்டிய ஏண்ணா அடிக்கிற? புதுசு அது" என்றாள் அஞ்சலை. கோட்டையைத் தாண்டும்போது விடிந்தது. பின்சீட்டில் மூன்று பேரும் மூச்சுவிடாமல் உட்கார்ந்திருந்தார்கள். கொஞ்ச தூரத்தில் பேபி, "காத்தே அடிக்கல, எங்கயோ ஆஸ்பத்திரிக்குப் போற மாதிரி இருக்குது" என்றாள். மூவரும் சிரித்தார்கள், பிறகு பேச்சு நிற்கவே இல்லை.

அவலூர்பேட்டை மண்டபத்துப் பின்கட்டில் ஐந்தே முக்காலுக்கு நிறுத்தினேன். கதவைத் திறந்து இறங்கிய பெண்கள் நாலு பேரும் ஒரே நேரத்தில், "ஐயோ!" என்றார்கள்.

காலில் செருப்பு இல்லை.

பூஜை போட்ட புது வண்டி, உள்ளே துணி விரித்த சீட்டு. கோயிலுக்குள் நுழைகிற மாதிரி நாலு பேரும் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறியிருக்கிறார்கள். நாலு ஜோடியும் செஞ்சியில் எங்கள் தெருவில் வரிசையாக இருக்கின்றன. இங்கே பின்கட்டு முழுக்க ஜல்லியும் முள்ளும். கொதிக்கிற கஞ்சியை வடிக்கிற இடம் வேறு. கடை எதுவும் திறக்கவில்லை.

"தகடு வெச்ச காலு. வெறுங்கால்ல நீ ஜல்லில நடக்கக் கூடாது" என்றேன்.

"அரிசி ஏழுக்கு ஒலைல விழணும்ணா. நேரத்தத் தள்ளுனா சேகர் இன்னா சொல்லுவான்?" அவள் சாக்குகளை உதறி, அடுப்பைச் சுற்றி விரித்தாள். மற்றவர்கள் அண்டாவை இறக்கினார்கள். நான் வண்டியைத் திருப்பிக்கொண்டு செஞ்சிக்குப் பறந்தேன்.

தெருவில் சேகர் நின்றுகொண்டிருந்தான். அவன் காலடியில், ஒரு சாக்குப் பையில், நாலு ஜோடி செருப்பு.

"இன்னா மாமா, பாத்திரம் ஏறிச்சி, செருப்பு ஏறலியா?" என்றான். பிறகு, "அம்மா எப்டி இருக்குது?" என்று மெதுவாகக் கேட்டான்.

"அடுப்பு மூட்டிட்டா."

அவன் பின்னால் போய், கயிற்று முடிச்சுப் போட்ட இடத்தைத் தொட்டுப் பார்த்தான். "உருளலியா ஒண்ணும்?"

"ஒண்ணும் உருளல."

சேகர் பையை எடுத்து முன்சீட்டில் வைத்துக் கதவைச் சாத்தினான்.

6

சாப்பாடு எப்படி இருந்தது என்று நான் எழுத வேண்டியதில்லை. மூன்றாவது பந்தியிலும் வத்தக்குழம்பு கேட்டு வாங்கினார்கள். பெண் வீட்டுக்காரர் ஒருவர் என் தோளில் தட்டி, "டிரைவரு, நீங்க மொத பந்திலயே ஒக்காந்துக்குங்க, வண்டி எடுக்கணும்ல" என்றார். நான் யார் என்று சொல்லவில்லை. டிரைவராகத்தான் ஆரம்பித்தேன். டிரைவர் என்று இலை போட்டால் உட்கார எனக்கு வெட்கமில்லை. இரண்டு தடவை பாயசம் வாங்கினேன்.

மாலையில் பாத்திரம் ஏற்றிக் கட்டிய பிறகு அஞ்சலை தாம்பூலப் பையோடு முன்சீட்டில் வந்து உட்கார்ந்தாள். "அடுத்த மாசம் சீயமங்கலத்துல ஒரு காதுகுத்தாம். பந்தில சாப்ட்டவங்களே வந்து கேட்டாங்க" என்றாள்.

"வெள்ளிக்கிழமை எனக்கு பிளைட்டு. யார் ஓட்றது? சேகருக்கு நெல்லு சீசன்."

"மல்லிகா ஓட்டுவா."

"எது!" என்றது பின்சீட்டு.

"எனக்குக் காலு எட்டல, இல்லனா நானே ஓட்டுவேன். அவதான் ஒசரம். அண்ணா, நீ எறங்கு. இந்த மைதானத்துல ஒரு சுத்து கத்துக் குடு. லைசென்ஸ் அப்பறம் எடுத்துக்கலாம்."

எனக்குப் பதினாலு டிரைவர்கள். ஒருவரையும் இப்படிச் சேர்த்ததில்லை. ஆனால் செட்டுக்கு முதலாளி அவள்தான். இறங்கி, சாவியை மல்லிகாவிடம் கொடுத்துவிட்டுப் பின்னால் போய், பேபிக்கும் கமலாவுக்கும் நடுவில் உட்கார்ந்தேன். கிளட்ச் எது, பிரேக் எது என்று அங்கிருந்தே கத்தினேன். வண்டி மூன்று தடவை குதித்து அணைந்தது. மூன்று தடவையும் எல்லோரும் அலறினோம்.

அந்த நேரம் பார்த்து அஞ்சலையின் போன் அடித்தது. சீயமங்கலத்துக்காரர். வாடகை லோடு வண்டிக்காரர்கள் கைவிட்டதைக் கேள்விப்பட்டிருப்பார்போல, எப்படி வருவீர்கள் என்று கேட்டிருக்க வேண்டும்.

நாலாவது தடவை வண்டி மெல்ல நகர்ந்தது.

"எங்க வண்டிலதாங்க" என்றாள் அஞ்சலை. "நாலு பேரும் உள்ள ஒக்காந்துனு வரோம்."